படகுக்கு ஏற்ற குவியொளி விளக்கு
மீனவர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

சோழமண்டலக் கரையில் பழவேற்காடு முதல் கோடியக்கரை வரையுள்ள கிராமங்களில் மீனவர் பலர் நள்ளிரவுக்குப் பின் கடலுக்குப் புறப்பட்டு விடியற்காலையில் கரை சேர்கின்றனர். வலை விரிப்பதும், மிதவையைத் தேடிக் கண்டு வலையை வாங்குவதும், முகத்துவாரத்து மணல்மேட்டை விலக்கிப் படகைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் இருளிலேயே நடைபெறும் காரியங்கள். கட்டுமரத்தில் சென்ற முன்னோர் நட்சத்திரங்களையும் அலையின் ஓசையையும் துணையாகக் கொண்டனர். பின்னர் அரிக்கேன் விளக்கும், பெட்ரோமாக்ஸ் விளக்கும், கை டார்ச்சும் வந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின், எஞ்சின் பூட்டிய பைபர் படகுகள் இக்கரையில் மிகுதியாகப் பெருகின. படகின் வேகம் கூடினமையால், எதிரே இருப்பதை முன்னதாகவே கண்டுகொள்ள வேண்டிய அவசியமும் கூடிற்று.

இவ்வவசியத்தை உத்தேசித்து 'ஸ்பாட் லைட்' என்னும் குவியொளி விளக்குகள் பலவகை கடைகளில் விற்கப்படுகின்றன. பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்களையும், 'வாட்டர் புரூப்' என்னும் சொல்லையும் நம்பி வாங்கப்பெற்ற விளக்கு, சில நாட்களில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து, பின்னர் அணைந்துவிடுவதுண்டு. பணம் நஷ்டமாவது ஒருபுறமிருக்க, அது அணையும் வேளை எது என்பதே கவலைக்குரியது. கரையில் இருக்கும்போது விளக்கின்மேல் நீர் படுவதில்லை. அலை படகுக்குள் விழுந்து, முகத்துவாரத்தில் வழி தெரியாமல் தத்தளிக்கும் நேரத்திலேதான் விளக்கு நனைகிறது. அப்போதே அது கைவிடுகிறது. ஆகையால் குறைந்த விலையில், ஆனால் அவ்வேளையில் கைவிடாத விளக்கைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை ஒவ்வொரு அங்கத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

விளக்கின் வேலையும் அதன் எல்லையும்

குவியொளி விளக்கு செய்யும் வேலைகள் நான்கு. மிதவையையும் வலையின் போக்கையும் காட்டுதல். பாறை, மணல்மேடு, மிதக்கும் கட்டை முதலியவற்றை முன்கூட்டித் தெரிவித்தல். கடலில் தவறி விழுந்தவரைத் தேடுதல். ஆபத்தில் பிறருக்குச் சைகை கொடுத்தல் என்பன அவை.

படகு இருப்பதைப் பிற கலங்களுக்கு அறிவிக்கும் விளக்குகள் வேறு. 1972-ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்யப்பட்டு 1977-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி அமலுக்கு வந்த சர்வதேசக் கடல்மோதல் தடுப்பு விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள எஞ்சின் படகு, சூரியன் மறைந்தது முதல் உதயம் வரை, நாற்புறமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கையும், இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை ஆகிய பக்க விளக்குகளையும் எரிய விடலாம். இழுவலை அல்லாத வலையைக் கடலில் விட்டு மீன்பிடிக்கும் கலம் மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாக இரண்டு விளக்குகளை நாற்புறமும் தெரியும்படி காட்டவேண்டும். துடுப்பினால் செல்லும் சிறு கலம் இவற்றைக் காட்ட இயலாதாயின், வெள்ளை ஒளி தரும் டார்ச்சையோ ஏற்றிய லாந்தரையோ கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, மோதல் நேராதபடி உரிய காலத்தில் காட்டுதல் வேண்டும்.

இவ்விளக்குகள் இல்லாத படகுக்கு விலையுயர்ந்த குவியொளி விளக்கு வாங்குவது, கூரையில்லாத வீட்டுக்குச் சித்திரக் கதவு போடுவதை ஒக்கும். 15 கடல்மைல் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் நான்கு நிமிஷத்தில் ஒரு கடல்மைலைக் கடந்துவிடும். நினைத்தவுடன் அதனை நிறுத்தவோ திருப்பவோ இயலாது. வலை வாங்கும் மும்முரத்தில் உள்ளவர்கள் கப்பலைக் கண்டு டார்ச்சைத் தேடுவதற்குள் காலம் கடந்துவிடக்கூடும். ஆதலின் படகின் நிலையான விளக்குகளுக்கு முதலில் பணம் ஒதுக்கி, அதன் பின்னரே குவியொளி விளக்கைப் பற்றி யோசித்தல் முறை.

எவ்வளவு தூரம் தெரியவேண்டும்?

பெட்டிகளின்மேல் 'லூமென்' என்றும் 'கேண்டெலா' என்றும் இரு அளவுகள் காணப்படும். விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு லூமென். ஒரு திசையில் குவிந்து செல்லும் ஒளியின் வலிமை கேண்டெலா. ஒரு குடம் நீரை முற்றத்தில் வீசுவதற்கும், அதே நீரைக் குழாய் முனையால் ஒரு செடியின்மேல் பீய்ச்சுவதற்கும் உள்ள வேற்றுமையை இதற்கு உவமை கூறலாம். நீரின் அளவு ஒன்றே. தூரம் செல்லுவது பீய்ச்சிய நீரே. தூரத்தில் உள்ளதைக் காண விரும்புவோர் கேண்டெலாவைக் கேட்டறிய வேண்டும். லூமென் ஒன்றையே பெரிதாக அச்சிட்டுக் கேண்டெலாவைச் சொல்லாத பெட்டி, குவியொளி விளக்குக்கு வேண்டிய செய்தியைச் சொல்லவில்லை.

கேண்டெலாவிலிருந்து தூரத்தைக் கணக்கிட எளிய வழியுண்டு. அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், பெட்டியில் குறிக்கப்படும் 'ஒளி செல்லும் தூரம்' மீட்டர் கணக்கில் கிடைக்கும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். 40,000 கேண்டெலாவுக்கு 400 மீட்டர். ஒளி நான்கு மடங்கானால் தூரம் இரு மடங்கே ஆகிறது என்பதை இதனால் அறியலாம். இரு மடங்கு தூரத்தை விரும்புகிறவர் அதற்காகப் பன்மடங்கு விலையும் கொடுக்கக்கூடும்.

மேற்கூறிய கணக்கில் கிடைக்கும் தூரத்தில் விழும் ஒளி, முழுநிலவின் ஒளியளவே இருக்கும். அவ்வொளியில் ஏதோ ஒன்று இருப்பது தெரியுமேயன்றி, அது மிதவையா, மூங்கிலா, மனிதர் தலையா என்பது விளங்காது. அத்தூரத்தில் பாதியில் ஒளி நான்கு மடங்காகிறது. பொருளை இன்னதென்று அறிய அந்தப் பாதித் தூரத்தையே நம்பவேண்டும்.

இனிப் படகின் தேவையைப் பார்க்கலாம். மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் செல்லும் படகு ஒரு வினாடியில் ஏறக்குறைய நான்கு மீட்டர் நகர்கிறது. 100 மீட்டருக்கு அப்பால் ஒரு கட்டை தென்பட்டால், அதனை அடைவதற்குள் 24 வினாடி கிடைக்கும். 150 மீட்டரில் தென்பட்டால் 36 வினாடி கிடைக்கும். வேகத்தைத் தணித்துப் படகைத் திருப்ப இக்காலம் போதுமானது. ஆகவே சிறு படகுக்கு, 150 மீட்டரில் பொருளை இன்னதென்று காட்டும் விளக்கே போதும். அதாவது பெட்டியில் 300 மீட்டர் என்றோ, 22,500 கேண்டெலா என்றோ குறித்த விளக்கு. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்யப்படும் விளக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சிறு படகுக்குப் பெரும்பாலும் வீணே.

ஒளிக்கற்றையின் அகலமும் கவனிக்கத்தக்கது. 3 பாகை அகலமுள்ள கற்றை 100 மீட்டர் தூரத்தில் 5 மீட்டர் இடத்தையே காட்டும். 10 பாகைக் கற்றை 17 மீட்டர் இடத்தையும், 30 பாகைக் கற்றை 50 மீட்டருக்கு மேற்பட்ட இடத்தையும் காட்டும். ஆடும் படகில் நின்றுகொண்டு மிகக் குறுகிய கற்றையை ஒரு மிதவையின்மேல் நிறுத்துவது கடினம். மிக அகன்ற கற்றையோ தூரம் செல்லாது. 8 முதல் 12 பாகை வரையுள்ளது மீன்பிடி படகுக்கு நடுத்தரமான அளவு.

நீர் புகாமை: சொல்லை விட்டு எண்ணைப் பார்க்க

'வாட்டர் புரூப்' என்ற சொல்லை எவரும் எதன்மேலும் அச்சிடலாம். அதற்குப் பதிலாக 'ஐ.பி.' என்ற இரண்டெழுத்தும் அதனையடுத்து இரண்டு இலக்கங்களும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். இது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 என்னும் தரத்தைச் சேர்ந்தது. இந்தியாவிலும் அதே எண்ணுள்ள தரமாக ஏற்கப்பட்டுள்ளது. முதல் இலக்கம் தூசி புகாமையையும், இரண்டாம் இலக்கம் நீர் புகாமையையும் குறிக்கும். முதல் இலக்கத்துக்குப் பதில் 'எக்ஸ்' என்ற எழுத்து இருந்தால், தூசிச் சோதனை குறிக்கப்படவில்லை என்பது பொருள்.

இரண்டாம் இலக்கத்தின் பொருள் வருமாறு: 4 என்பது எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்பது குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும், 6 என்பது அதனினும் பலமாகப் பீய்ச்சும் நீரையும் தாங்கும். 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கியிருந்தாலும் கெடாது. 8 என்பது அதற்கு மேற்பட்ட நிலையில், செய்தவர் குறிப்பிடும் ஆழத்திலும் காலத்திலும் மூழ்கியிருப்பதைத் தாங்கும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. 7 என்ற எண் 6-ஐவிடப் பெரிதாகையால், 7 பெற்ற விளக்கு 6-இன் சோதனையிலும் தேறியிருக்கும் என்று எண்ணுவது பிழை. அமைதியான நீரில் மூழ்கிக் கிடப்பது ஒரு சோதனை. விசையோடு வந்து மோதும் நீரைத் தாங்குவது மற்றொரு சோதனை. அலை அணியத்தில் மோதி மேலே அடிக்கும் நீர் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. படகிலிருந்து கடலில் விழும் விளக்கு படுவது முதல் வகை. ஆகையால் 'ஐ.பி. 66' என்றும் 'ஐ.பி. 67' என்றும் இரண்டும் குறித்த விளக்கே படகுக்குச் சிறந்தது. கையில் பிடிக்கும் விளக்கு ஒன்றையே வாங்குவதாயின் 67-க்குக் குறைந்ததை வாங்கலாகாது. 65 குறித்த விளக்கு வீட்டுத் தோட்டத்துக்கும் வண்டிக்கும் போதுமானது. கடலில் விழுந்தால் அதனை நம்புவதற்கில்லை.

இச்சோதனைகள் நன்னீரில் செய்யப்படுபவை என்பதையும் மறக்கலாகாது. உப்புநீரின் அரிப்பை ஐ.பி. எண் அளப்பதில்லை. ஆதலின் திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகா, உடல் கெட்டியான பிளாஸ்டிக்கா அல்லது தக்க பூச்சுள்ள அலுமினியமா, ஸ்விட்சின்மேல் ரப்பர் உறை உண்டா என்று கண்ணால் பார்த்து அறியவேண்டும். மின்னேற்றும் துவாரத்தை மூடும் சிறு ரப்பர் மூடியே இவ்வகை விளக்குகளில் பலவீனமான உறுப்பு. அது தளர்ந்திருந்தால் மற்றவையெல்லாம் உறுதியாக இருந்தும் பயனில்லை.

பாட்டரியும் கம்பியும்

படகிலுள்ள 12 வோல்ட் பாட்டரியிலிருந்து எரியும் விளக்கு ஒருவகை. தன்னுள்ளேயே பாட்டரி கொண்ட கைவிளக்கு மற்றொரு வகை. முதல் வகையை வாங்குமுன், பாட்டரி அதனைத் தாங்குமா என்று கணக்கிடவேண்டும். விளக்கின் வாட்டை 12-ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். பழைய 55 வாட் ஹாலோஜன் விளக்கு சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். 24 வாட் எல்.இ.டி. விளக்கு 2 ஆம்பியரே இழுக்கும்.

குவியொளி விளக்கு இரவு முழுவதும் எரிவதன்று. சிறிது சிறிதாக எரிப்பது எல்லாம் சேர்ந்து ஓர் இரவில் ஒன்றரை மணி நேரம் ஆவதாகக் கொண்டால், ஹாலோஜன் விளக்குக்கு 7 ஆம்பியர்-மணியும், எல்.இ.டி. விளக்குக்கு 3 ஆம்பியர்-மணியும் செலவாகும். நிலையான விளக்குகள் மொத்தம் 6 வாட்டாக எட்டு மணி நேரம் எரிந்தால் அவற்றுக்கு 4 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணிச் சாதாரண ஈய-அமிலப் பாட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும்; எனவே எடுக்கத்தக்கது 17 ஆம்பியர்-மணி. ஹாலோஜன் விளக்கை வைத்தால் மீதியிருப்பது 6, எல்.இ.டி. வைத்தால் 10. இந்த மீதியைக் கொண்டே ஜி.பி.எஸ். கருவியும் வி.எச்.எப். வானொலியும் இயங்கவேண்டும். எஞ்சினில் மின்னேற்றும் வசதியில்லாத படகுகளில் இவ்வேற்றுமை அற்பமானதன்று.

கம்பி மெல்லியதாயின் மின்சாரத்தின் அழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும். பாட்டரிக்கும் விளக்குக்கும் இடையே 5 மீட்டர் தூரம் இருந்து, கம்பி 0.5 சதுர மில்லிமீட்டர் கனமே உள்ளதானால், 55 வாட் விளக்கு எரியும்போது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வீணாகும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அரை வோல்ட்டளவே வீணாகும். ஈயம் பூசிய செப்புக் கம்பி உப்புக் காற்றில் நெடுநாள் உழைக்கும். பாட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ் ஒன்று வைத்தல் இன்றியமையாதது. கம்பி உரசித் தேய்ந்து மின்சாரம் குறுக்கிட்டால் பியூஸ் இல்லாத படகில் தீப்பற்றக்கூடும்.

கைவிளக்குகளில், 'எட்டு மணி நேரம் எரியும்' என்ற வாசகத்தை ஆராய்ந்து நம்பவேண்டும். பல நாடுகளில் உற்பத்தியாளர் பின்பற்றும் ஓர் அளவுமுறையில், ஒளி தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை சென்ற காலமே எரியும் காலமாகக் கணக்கிடப்படுகிறது. எனவே முழுப் பிரகாசம் எத்தனை நிமிஷம் நிற்கிறது என்பதை எரியவிட்டுப் பார்த்தே அறிதல் வேண்டும். பாட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்கு சிலாக்கியமானது. பாட்டரி ஓய்ந்தவுடன் விளக்கையே எறியவேண்டியதில்லை. நீரில் மிதக்கும் விளக்கும், மணிக்கட்டில் மாட்டும் கயிறுள்ள விளக்கும் கடலில் தவறினாலும் மீட்கக்கூடியவை.

சிறு பைபர் படகுக்கு நல்ல கைவிளக்கு ஒன்றே பெரும்பாலும் போதும். படகின் பாட்டரி நனைந்து நின்றாலும் அது எரியும் என்பது அதன் தனிச் சிறப்பு.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை

சங்கத்தின் பேரில் வாங்குவதாயின், இரண்டு அல்லது மூன்று மாதிரிகளை வரவழைத்து, சோதனையில் தேறியதையே எடுப்பதென்று கடைக்காரரிடம் முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை.

முதலாவது, விளக்கை முழுதும் மின்னேற்றி அரைமணி நேரம் எரியவிட்டு, சூடாக இருக்கும்போதே வாளி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வைக்கவேண்டும். சூடான விளக்கினுள் உள்ள காற்று குளிர்ந்த நீர் பட்டவுடன் சுருங்கி, சிறு இடுக்கு இருந்தாலும் நீரை உள்ளே இழுக்கும். கடலில் விளக்கு கெடும் வகைகளுள் இதுவும் ஒன்றாகையால், சூடாற்றி அமிழ்த்துவது சோதனையாகாது. வெளியே எடுத்துத் துடைத்தபின் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மறுநாள் காலையிலும் ஒருமுறை பார்த்தல் நலம்.

இரண்டாவது, நிலவில்லாத இரவில் கடற்கரையில் 150 மீட்டரை அடியளந்து, அங்கே ஒரு வலைமிதவையை நட்டு, ஒவ்வொரு மாதிரியாலும் ஒளி பாய்ச்சிப் பார்க்கவேண்டும். பல அங்கத்தினர் பார்த்துச் சொல்லும் அபிப்பிராயம் பெட்டியின்மேல் உள்ள எண்ணைவிட நம்பத்தக்கது. கடலாமைகள் முட்டையிடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களில் இச்சோதனையைக் கரையில் செய்யாமல் வேறிடத்தில் வைத்துக்கொள்வது நன்று. குஞ்சுகள் ஒளியைக் கண்டு கடலை விட்டு வழிதவறும்.

மூன்றாவது, படகின் வி.எச்.எப். வானொலியைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கை ஏற்றிப் பார்க்கவேண்டும். மலிவான எல்.இ.டி. விளக்குகளுள் சில வானொலியில் இரைச்சலை உண்டாக்கும். உதவிக்கு அழைக்கும் குரலை அமுக்கிவிடும் விளக்கு எவ்வளவு பிரகாசமானாலும் தள்ளத்தக்கதே. காந்தத்தால் ஒட்டும் விளக்குகளைத் திசைகாட்டியின் அருகில் வைத்து ஊசி அசைகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

விலையும் சங்கத்தின் கடமையும்

மலிவு என்பது விலைச்சீட்டில் மட்டும் காண்பதன்று. கணக்கை விளக்குவதற்காக, 900 ரூபாய் விளக்கு ஓராண்டும், 2,400 ரூபாய் விளக்கு நான்கு ஆண்டும் உழைப்பதாக வைத்துக்கொள்ளலாம். நான்கு ஆண்டில் முதல் வகைக்கு 3,600 ரூபாய் செலவாகும். இரண்டாவதற்கு 2,400 ரூபாயே. படகு ஒன்றுக்கு 1,200 ரூபாய் மீதியாகிறது. 20 படகுள்ள சங்கத்தில் 24,000 ரூபாய். இக்கணக்கு மீனவர்க்குத் தெரியாததன்று. ஒரே நாளில் 2,400 ரூபாய் எடுக்க இயலாமையாலேயே அவர் ஆண்டுதோறும் 900 ரூபாய் இழக்கிறார்.

இவ்விடத்திலேயே கூட்டுறவின் பயன் விளங்குகிறது. சென்னை மாகாணத்தில் விவசாயக் கடனையும் கூட்டுறவையும் பற்றி 1895 முதல் 1897 வரை விரிவான அறிக்கை வெளியிட்ட சர் பிரடெரிக் நிக்கல்சன் என்பவரே, 1907-ஆம் ஆண்டில் இம்மாகாணத்து மீன்துறை தோன்றியபோது அதனை நடத்தியவர். மீனவர் தொழிலும் கூட்டுறவும் இம்மாகாணத்தில் தொடக்கத்திலேயே ஒருவர் சிந்தையில் இணைந்திருந்தன. சங்கம் மொத்தமாக வாங்கினால் விலையைப் பேசிக் குறைக்கலாம்; உத்தரவாதச் சீட்டும் ரசீதும் சங்கத்தின் பேரில் பெறலாம். விலையை மாதத்துக்கு 200 ரூபாயாகப் பன்னிரண்டு தவணையில் மீன் விற்ற பணத்திலிருந்து பிடித்துக்கொண்டால் அங்கத்தினர் எவருக்கும் பாரமாகத் தோன்றாது. ஒவ்வொரு விளக்குக்கும் எண் பொறித்து, கொடுத்த தேதி, பழுது, உத்தரவாதம் முடியும் நாள் ஆகியவற்றைக் காரியதரிசி ஒரு புத்தகத்தில் எழுதிவரவேண்டும். இரண்டாண்டு கழித்து எந்த விளக்கு உழைத்தது என்பதை அப்புத்தகமே சொல்லும். அடுத்த கொள்முதலுக்கு வேறு ஆலோசனை வேண்டியிராது.

உபயோகிக்கும் முறை

இருளுக்குக் கண் முழுதும் பழக அரைமணி வரை ஆகும். ஒரு வினாடி வெளிச்சம் அதனைக் கெடுத்துவிடும். ஆகவே விளக்கு பிடிப்பவர் சுக்கான் பிடிப்பவருக்கு முன்னே, அணியத்தில் நின்று, ஒளி படகின்மேல் படாதவாறு பிடிக்கவேண்டும். மழையிலும் மூடுபனியிலும் ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி வெள்ளைச் சுவர் எழுந்தாற்போல் கண்ணை மறைக்கும். அப்போது விளக்கைக் கண்ணருகே பிடிக்காமல் தாழ்வாகவும் விலகியும் பிடித்தால் சற்றுத் தெளிவாகும். தெளியாவிடில் அணைத்துவிட்டு வேகத்தைக் குறைப்பதே நன்று.

எதிரே வரும் கலத்தை ஓட்டுபவர் கண்ணில் ஒளியைப் பாய்ச்சலாகாது. கண் கூசியவர் எதிரேயுள்ள படகைக் காணமாட்டார். மற்றக் கலத்தின் எண்ணம் விளங்காதபோது, விரைவாக ஐந்து முறையேனும் விளக்கை மினுக்கிக் காட்டுவது விதிகளில் கண்ட சைகை. ஆபத்தில் மூன்று குறு ஒளி, மூன்று நெடு ஒளி, மூன்று குறு ஒளி என மாறிமாறிக் காட்டுவது உலகெங்கும் அறியப்பட்ட அடையாளம். கைபேசி எட்டும் தூரத்தில் கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஒளியால் மீனைக் கவர்ந்து பிடிப்பதற்கு இவ்விளக்கைப் பயன்படுத்துவது கூடாது. எல்.இ.டி. முதலிய செயற்கை விளக்குகளைக் கொண்டு மீன்பிடிப்பதை மத்திய அரசு 2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தடை செய்தது. சிறு மீனும் குஞ்சும் ஒருங்கே ஒளிக்குக் கூடி அழிவதனால் நாளைய வலை வெறுமையாகும்.

பராமரிப்பு

கடலிலிருந்து திரும்பியதும் விளக்கை நன்னீரில் கழுவி நிழலில் உலர்த்தவேண்டும். உலர்ந்த பின்னரே மூடியைத் திறந்து மின்னேற்றவேண்டும். மாதம் ஒருமுறை ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் சிறிது தடவவேண்டும். மண்ணெண்ணெயோ டீசலோ ரப்பரின்மேல் பட்டால் அது ஊதிக் கெடும். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்தில் படகைப் பழுது பார்க்கும்போதே, விளக்கை மீண்டும் வாளி நீரில் சோதித்து, கம்பி முனைகளையும் பியூசையும் பார்த்துவிடுவது நல்ல வழக்கம்.

சுருக்கம்

படகின் நிலையான விளக்குகளுக்கு முதலிடம். குவியொளி விளக்குக்கு அடுத்த இடம். சுமார் 22,500 கேண்டெலா, 8 முதல் 12 பாகைக் கற்றை, ஐ.பி. 67-க்குக் குறையாத நீர்காப்பு, கூடுமாயின் 66-ம் சேர்ந்தது, மாற்றக்கூடிய பாட்டரி, துருவேறாத திருகாணி ஆகிய இவையே பார்க்கவேண்டியவை. வாளிச் சோதனையில் தேறாத விளக்கை எவ்விலைக்கும் வாங்கற்க.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. சங்கத்தைச் சேர்ந்த படகுகளில் வெள்ளை, சிவப்பு, பச்சை விளக்குகள் மூன்றும் உள்ளவை எத்தனை? இல்லாதவை எத்தனை?

2. சென்ற இரண்டாண்டில் ஒவ்வொரு படகும் விளக்குக்காகச் செலவிட்ட மொத்தத் தொகை எவ்வளவு? அதில் இன்றும் எரியும் விளக்குகள் எத்தனை?

3. 40,000 கேண்டெலா விளக்கு எத்தனை மீட்டர் தூரத்தில் ஒரு மிதவையை இன்னதென்று காட்டும்?

4. ஒவ்வொரு படகின் பாட்டரியும் எத்தனை ஆம்பியர்-மணி? ஓர் இரவின் செலவு போக மீதி எவ்வளவு?

5. மாதிரி விளக்குகளை வரவழைத்துச் சோதிக்க எந்த மூன்று அங்கத்தினரை நியமிக்கலாம்?

ஐந்தாவது வினாவுக்கு அன்றைய கூட்டத்திலேயே விடை காணப்பட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பெறுமாயின் இப்பாடம் படித்ததன் பயன் கைகூடும்.